வாத்து வரையும் பிள்ளைகள்: அமெரிக்காவின் ஜூனியர் டக் ஸ்டாம்ப் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூன் 5 வந்துவிட்டால் பள்ளிகளில் ஓவியப் போட்டி உறுதி. சுற்றுச்சூழல் தினம் அல்லவா. சார்ட் தாளை விரித்ததுமே பாதிப் பிள்ளைகள் ஒரு வட்டம் போடுவார்கள். அதுதான் பூமி. வட்டத்தைத் தாங்க இரண்டு கைகள். பூமிக்குக் கண் வைத்து, அதிலிருந்து கண்ணீர். இடது பக்கம் பச்சைப் பசேல், வலது பக்கம் பாளம் பாளமாக வெடித்த நிலம். மூலையில் ஒரு புகைபோக்கி, வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டை. ஓவிய ஆசிரியனாக இந்தப் படங்களுக்குப் பல வருடங்கள் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

பிள்ளைகள் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. நாம் கொடுக்கிற தலைப்பு அப்படி. 'பூமியைக் காப்போம்' என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை வேறு என்னத்தை வரையும்? அது பார்த்த பூமியை யாரும் அதனிடம் கேட்கவில்லை. பள்ளிக்குப் பின்னால் ஏரி இருக்கும். ஏரியில் நாமக்கோழி நீந்தும், கரையோரக் கோரையில் தாழைக்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஓடும். தினமும் அந்தக் கரைமேல் நடந்துதான் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். ஒரு படத்திலாவது அந்த ஏரி வந்ததில்லை.

சரி, ஓவியத்தால் சுற்றுச்சூழலைக் கற்றுக்கொடுக்க முடியுமா, முடியும் என்றால் எப்படி என்று தேட ஆரம்பித்தேன். அப்படித்தான் அமெரிக்காவின் ஜூனியர் டக் ஸ்டாம்ப் திட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். பிள்ளைகள் வரையும் வாத்துப் படங்களில் ஒன்றைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்து ஸ்டாம்பாக அச்சிடும் திட்டம் அது. அங்கே பிள்ளையிடம் மொத்த பூமியையும் தூக்கிக் கொடுப்பதில்லை. ஒரே ஒரு வாத்தைக் கொடுக்கிறார்கள். அதை ஒழுங்காகப் பார்த்து வரை என்கிறார்கள். நான் பார்த்தவரை, இந்தத் திட்டத்தின் பலம் முழுவதும் அந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது.

ஸ்டாம்ப் எங்கிருந்து வந்தது

கதை பிள்ளைகளிடம் தொடங்கவில்லை, வேட்டைக்காரர்களிடம் தொடங்குகிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களில் கடும் வறட்சி. மழை பொய்த்தது ஒரு பக்கம் என்றால், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே விளைநிலத்துக்காகச் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்கள். வாத்துகளுக்கு முட்டையிட இடம் இல்லாமல் போனது. வானத்தை மறைத்துப் பறந்த கூட்டங்கள் மெலிந்துபோனதை முதலில் கவனித்தவர்கள் வேட்டைக்காரர்கள்தான்.

1934 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது. நீர்ப்பறவை வேட்டைக்குப் போகிற, 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் 1 டாலர் கொடுத்து ஒரு ஸ்டாம்ப் வாங்க வேண்டும். பார்க்கத் தபால்தலை போல இருந்தாலும் அதைக் கடிதத்தில் ஒட்ட முடியாது, வேட்டை உரிமத்துக்குத்தான். அந்தப் பணத்தில் அரசு சதுப்பு நிலங்களை வாங்கிச் சரணாலயமாக வைக்கும். இன்று அதன் விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நேராக நிலத்துக்குப் போகிறது. இதுவரை அப்படிக் காப்பாற்றப்பட்ட நிலம் 60 லட்சம் ஏக்கருக்கு மேல்.

முதல் ஸ்டாம்பை வரைந்தவர் ஒரு பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட். ஜே நார்வுட் டார்லிங், 'டிங்' என்று கையெழுத்துப் போடுவார். கார்ட்டூனுக்காக இரண்டு முறை புலிட்சர் பரிசு வாங்கியவர். அதிபர் ரூஸ்வெல்ட்டின் கொள்கைகளைப் படம் போட்டு விமர்சித்தவரையே ரூஸ்வெல்ட் கூப்பிட்டு, 1934ல் வனவிலங்குகளைக் கவனிக்கும் அரசுத் துறைக்குத் தலைவராக்கினார். தண்ணீரில் இறங்கும் இரண்டு மல்லார்ட் வாத்துகளை டார்லிங் வரைந்தார். அமெரிக்கச் சரணாலயங்களின் எல்லைப் பலகைகளில் பறக்கும் நீல வாத்தும் அவர் வரைந்ததுதான். படம் வரையத் தெரிந்த ஒருவரிடம் துறை போனதால்தான் இந்தத் திட்டத்துக்கு ஆரம்பத்திலேயே ஓவிய ருசி ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 1949லிருந்து ஸ்டாம்புக்கான படத்தை நாடு முழுக்கப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் வந்த கதை

1989ல் ஜோன் அலெமாண்ட் என்ற கல்வியாளர், தேசிய மீன் மற்றும் வனவிலங்கு அறக்கட்டளையின் நிதியுதவியோடு பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு பாடத்திட்டத்தை எழுத ஆரம்பித்தார். அறிவியல் வகுப்பும் ஓவிய வகுப்பும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1990ல் ஃபுளோரிடா பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். 1993ல் முதல் தேசிய ஜூனியர் ஸ்டாம்ப் வெளிவந்தது. 1994ல் இதற்கென்றே நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. இப்போது 50 மாநிலங்களும் இதில் இருக்கின்றன. நடத்துவது அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறை.

நடைமுறை எளிது. மழலையர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை நான்கு பிரிவுகள். 9க்கு 12 அங்குலத் தாள், படுக்கை வாட்டில். வட அமெரிக்காவைச் சேர்ந்த வாத்து, கூஸ் என்ற பெருவாத்து, அன்னம் ஆகியவற்றில் பட்டியலில் உள்ள ஓர் இனத்தைத்தான் வரைய வேண்டும். பறவை உயிரோடு இருக்க வேண்டும், சுட்டு வீழ்த்திய காட்சி கூடாது. படத்துக்குள் ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது. மாநிலத்துக்கு ஒரு சிறந்த படம் தேசியச் சுற்றுக்குப் போகிறது. அங்கே முதலிடம் பெறுவது அடுத்த ஜூனியர் ஸ்டாம்பாக அச்சாகிறது. விலை 5 டாலர். இதை வைத்து வேட்டையாட முடியாது, கடிதம் போடவும் முடியாது. சேகரிப்பவர்கள் வாங்குகிறார்கள், அந்தப் பணம் பிள்ளைகளின் சூழல் கல்விக்கும் பரிசுகளுக்கும் திரும்பிப் போகிறது.

எழுத்து கூடாது என்ற விதியை நான் மிகவும் மதிக்கிறேன். நம் போட்டிகளில் பாதி மதிப்பெண் வாசகத்துக்குப் போய்விடுகிறது. 'மரம் நடுவோம் மழை பெறுவோம்' என்று பெரிதாக எழுதிவிட்டால் படத்தில் இருக்கும் மரம் எந்த மரம் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே வாசகம் இல்லை என்பதால் சொல்ல வேண்டியதை எல்லாம் பறவையும் தண்ணீரும் புல்லும்தான் சொல்லியாக வேண்டும். எழுத ஆசைப்படும் பிள்ளைக்கும் இடம் உண்டு: படத்தோடு தனியாக ஒரு சிறு பாதுகாப்புச் செய்தி எழுதி அனுப்பலாம், அதற்குத் தனிப் பரிசு.

பாடத்தின் முடிவில் பிள்ளை கொடுக்கும் படத்தை, அந்தப் பருவத்துக்கான ஆய்வுக் கட்டுரையின் காட்சி வடிவம் என்றே திட்டத்தின் ஏடுகள் சொல்கின்றன. கற்றது என்ன என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

ஒரு வாத்தை வரைய என்னவெல்லாம் தெரிய வேண்டும்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நடுவர்கள் கலையழகோடு உடலமைப்பு சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அதுதான் பிள்ளையை அறிவியலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது.

மல்லார்ட் ஆண் வாத்தின் தலையை எடுத்துக்கொள்வோம். பச்சை. பிள்ளை பச்சை கிரேயானை எடுத்து அழுத்தித் தேய்க்கும். தேய்த்துவிட்டுப் பறவையைப் பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கும். தலையைத் திருப்பினால் பச்சை ஊதாவாகிறது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் கிட்டத்தட்டக் கறுப்பு. நம் ஊரில் மயில்கழுத்துப் பட்டுப் புடவையை வெயிலில் அசைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். புடவையில் அது இரண்டு நிற நூல்களின் வேலை. வாத்தின் தலையில் பச்சைச் சாயம் என்று ஒன்றுமே கிடையாது. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் வரும் நிறம் அது. ஒரு கிரேயானால் முடியாது என்று பிள்ளைக்குத் தெரிந்ததும், நீலம், ஊதா, கறுப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச ஆரம்பிக்கும். ஒளியியல் பாடம் அங்கே கையில் நடக்கிறது.

அடுத்து, வாத்து பறக்கத் தொடங்கும் காட்சி. எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்தது. ஆனால் எல்லா வாத்தும் ஒரே மாதிரி எழும்புவதில்லை. மல்லார்டு, ஊசிவால் வாத்து போன்றவை தண்ணீரின் மேல்மட்டத்தில் மேய்கிறவை. கால்கள் உடலின் நடுவில் இருக்கும், ஒரே உந்தில் நேராக மேலே எழும்பிவிடும். கேன்வாஸ்பேக் போன்றவை முக்குளித்து இரை தேடுகிறவை. துடுப்பு போட வசதியாகக் கால்கள் பின்னால் தள்ளி இருக்கும், அதனால் தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் பறக்க முடியும். கேன்வாஸ்பேக்கை நேர்செங்குத்தாக எழும்பவிட்டு வரைந்தால் படம் தப்பு. கால் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போய், அது என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு ஆழத்தில் சாப்பிடுகிறது என்பது வரை பிள்ளை போய்விடுகிறது.

அந்தச் சாப்பாட்டுக் கதையும் முக்கியம். கேன்வாஸ்பேக்குக்கு மிகவும் பிடித்தது வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியின் கிழங்கும் மொட்டும். வாத்தின் அறிவியல் பெயரிலேயே அந்தச் செடியின் பெயர் இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள செசபீக் விரிகுடாவில் குளிர்காலத்தில் இவை கூட்டம் கூட்டமாக இறங்கும். வயல் உரமும் மண்ணும் ஊர்க்கழிவும் ஓடிவந்து தண்ணீர் கலங்கியது. வெளிச்சம் அடிவரை போகவில்லை, செடி அழிந்தது, வாத்து குறைந்தது. 'நீர் மாசுபாடு' என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைக்கு அது தேர்வுக்கான சொல். தான் வரையும் வாத்துக்கு அடியில் என்ன செடியை வரைவது என்று தேடிப் போய் இதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அது அந்த வாத்தின் பசி.

காலமும் சரியாக இருக்க வேண்டும். மல்லார்ட் ஆண், பெண் அடைகாக்கும்போதே விலகிப் போய்விடும். கோடையில் பளபளப்பான இறகுகளை உதிர்த்துவிட்டு மங்கலாகிவிடும். பறக்கும் இறகுகள் மொத்தமாக விழுந்துவிடுவதால் மூன்று நான்கு வாரம் பறக்கவே முடியாது, நாணலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். ஆகவே அப்பா வாத்து, அம்மா வாத்து, பின்னால் வரிசையாகக் குஞ்சுகள் என்று ஒரு அழகான குடும்பப் படம் வரைந்தால் அது மனிதக் குடும்பம்தான். இது தெரிந்ததும் பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் பறவையை அதன் வாழ்க்கையோடு ஏற்றுக்கொள்ளும் முதல் படி அது. அந்த மூன்று நான்கு வாரத்தில் நாணல் இல்லையென்றால் அதன் கதி என்ன என்ற கேள்வியும் தானாக வந்துவிடும்.

மரவாத்தும் பிள்ளைகளுக்குப் பிடித்த பறவை. சிவப்புக் கண், வெள்ளைக் கோடுகள், பச்சைக் கொண்டை. இது மரப்பொந்தில் முட்டையிடும். பொரிந்த மறுநாளே குஞ்சுகள் பொந்தின் வாயில் நின்று கீழே குதித்துவிடும், அம்மா கீழே தண்ணீரிலிருந்து கூப்பிடும். 1900களின் தொடக்கத்தில் பொந்துள்ள பெரிய மரங்களை வெட்டியதாலும் வேட்டையாலும் கிட்டத்தட்ட அற்றுப்போகும் நிலைக்கு வந்த பறவை இது. வேட்டையைக் கட்டுப்படுத்தி, மரப்பெட்டிகளைக் கூடாக வைத்து அதை மீட்டிருக்கிறார்கள். இந்தப் பறவையை வரைகிற பிள்ளைக்குப் பெட்டி செய்யவும் சொல்லித் தருகிற ஆசிரியர் இருந்தால் அதைவிட நல்ல வகுப்பு வேறு ஏது?

பறவைக்குப் பின்னால் இருக்கும் நிலம்

வாத்து மட்டும் நன்றாக வந்து, பின்னணி வெறும் நீலமாக இருந்தால் போதாது. அது நிற்கும் இடம் வேண்டும். அங்கேதான் பிள்ளைக்குச் சதுப்பு நிலம் அறிமுகமாகிறது. பனியுகத்தில் பனிப்பாறைகள் உருகி விலகியபோது விட்டுப்போன சின்னச் சின்னப் பள்ளங்கள் வடக்கு, தெற்கு டகோட்டா பக்கமும் கனடாவிலும் லட்சக்கணக்கில் இருக்கின்றன. பனியும் மழையும் நிரப்பும் குட்டைகள் அவை. பார்த்தால் ஒன்றுமில்லாத இடம் போல இருக்கும். வட அமெரிக்க வாத்துகளில் பாதிக்கு மேல் முட்டையிடுவது அங்கேதான். உழவுக்கு இடைஞ்சல் என்று அவற்றில் பெரும்பகுதியை வடித்துவிட்டார்கள். அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக மற்ற 48 மாநிலங்களையும் சேர்த்துப் பார்த்தால், 1780களில் இருந்த சுமார் 22 கோடி ஏக்கர் சதுப்பு நிலத்தில் 1980களுக்குள் பாதிக்கு மேல் காணாமல் போயிற்று.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குறைகள்

இவ்வளவு சொன்ன பிறகு குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். போட்டி என்று வந்துவிட்டால் கை தேர்ந்த பிள்ளைக்குத்தான் மேடை. தேசியச் சுற்றில் ஜெயிக்கும் படங்களைப் பார்த்தால் தொழில்முறை ஓவியர் வரைந்தது போல இருக்கும், தனிப் பயிற்சி தெரியும். கோணல்மாணலாக வரைந்து ஆனால் நிஜமாக வாத்தைப் பார்த்த ஆறு வயதுப் பிள்ளை அங்கே வருவது கடினம். வயதுப் பிரிவுகள் வைத்து, மாநில அளவில் நிறையப் பரிசுகள் கொடுப்பது இதை ஓரளவு சரிசெய்கிறது, முழுக்க அல்ல.

இரண்டாவது, புகைப்படம். மற்றவர் எடுத்த படத்தை அப்படியே நகலெடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் செல்போனில் தேடினால் ஆயிரம் வாத்து கிடைக்கிற காலத்தில், ஏரிக்கரையில் குளிரில் உட்கார எத்தனை பேர் போவார்கள்? புகைப்படத்தைப் பார்த்து வரைந்தாலும் இறகைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். ஆனால் வாத்து அசைவதும், அது பயப்படும்போது கழுத்தை நீட்டுவதும், ஏரியின் வாசனையும் அதில் இல்லை. பாடத்திட்டம் களப்பயணத்தைச் சேர்த்திருப்பது இதனால்தான். களப்பயணம் போகாமல் போட்டிக்கு மட்டும் படம் அனுப்பும் பள்ளியில் திட்டம் பாதிதான் நடக்கிறது.

மூன்றாவது வேட்டை. நீர்நிலத்தைக் காப்பாற்றும் பணம் துப்பாக்கியோடு வருகிறவரிடமிருந்து வருகிறது என்பது நமக்கு நெருடும். எனக்கும் நெருடியது. அந்த நாட்டின் வரலாறு அப்படி. பிள்ளைகளின் படத்தில் பறவை உயிரோடுதான் இருக்க வேண்டும் என்று வைத்தது நல்ல முடிவு.

கரிக்கிலியில் ஒரு காலை

இந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கும் சில பறவைகள் நமக்கும் சொந்தம். ஊசிவால் வாத்து, தட்டைவாயன் இரண்டும் உலகின் வடபகுதி முழுக்க வாழ்கிறவை. குளிர்காலத்தில் ஆசியாவின் வடக்கிலிருந்து கிளம்பி நம் ஏரிகளுக்கும் வருகின்றன. வேடந்தாங்கலில் எல்லோரும் பார்ப்பது மரத்தில் கூடு கட்டும் கொக்கு, நாரை, கூழைக்கடா. வாத்து பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் கரிக்கிலிக்குப் போக வேண்டும், அங்கே தண்ணீர் ஆழம் குறைவு.

ஒரு ஜனவரியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கரிக்கிலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். ஆளுக்கு ஒரு பென்சில், ஒரு அட்டை, நான்கு தாள். ரப்பர் கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். 'ஆளுக்கு ஒரு பறவை. மத்தியானம் வரைக்கும் அதை விட்டு வேறெதையும் பார்க்கக் கூடாது' என்றேன். முதல் அரைமணி நேரம் சத்தம்தான். அப்புறம் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

ஊசிவால் வாத்தை எடுத்துக்கொண்ட ஒரு பெண் முகம் வாடி என்னிடம் வந்தாள். "சார், இது தலையவே காட்ட மாட்டேங்குது. எப்பப் பாத்தாலும் பின்பக்கம்தான் தெரியுது" என்றாள். தாளை வாங்கிப் பார்த்தேன். மூன்று படம். மூன்றிலும் தண்ணீர்க் கோடு ஒன்று, அதன்மேல் செங்குத்தாக நிற்கும் கூரான வால், பக்கத்தில் உதைத்துக்கொண்டிருக்கும் ஒரு கால். அவ்வளவு சரியான ஊசிவாலை நான் பார்த்ததில்லை. அந்த வாத்து மேய்வது அப்படித்தான், பாதி உடம்பைத் தண்ணீருக்குள் கவிழ்த்துக்கொண்டு.

"தலை எங்கம்மா இருக்கு?" என்றேன்.

"உள்ள. அடியில எதையோ தின்னுது போல."

"எவ்வளவு தூரம் உள்ள?"

அவள் பதில் சொல்லவில்லை. பைனாகுலரை வாங்கிக்கொண்டு போய், ஒரு வாத்து நிமிர்ந்து நிற்கும் நேரத்துக்காகக் காத்திருந்தாள். நிமிர்ந்ததும் கழுத்தின் நீளத்தைத் தன் விரலால் காற்றில் அளந்தாள். பிறகு நேராகக் காவலரிடம் போய், "அண்ணா, அந்த இடத்துல தண்ணி எவ்ளோ ஆழம் இருக்கும்?" என்று கேட்டாள்.

"முழங்காலுக்கு மேல இருக்காது பாப்பா. அதான் அந்த ஓரத்துல மேயுது. நடுவுல ஆழம், அங்க போவாது."

திரும்பி வந்து நான்காவது தாளை எடுத்தாள். முதலில் தண்ணீர்க் கோடு போட்டாள். அதற்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு, இன்னொரு கோடு: ஏரியின் தரை. வாலை மேலே வரைந்து, கழுத்தைக் கீழே இழுத்துக்கொண்டே போய், அலகை அந்தத் தரையில் தொட்டு நிறுத்தினாள்.